மாணவர்கள் எழுதும் குறுநாடகங்களுக்கு ஒரு விழா: போட்டியாக நடத்துவதா, வேறு வழி உண்டா?

மன்ற ஆலோசகர், கோலாலம்பூர்

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் உள்ள ஓர் உயர்கல்விக் கழகத்தின் தமிழ் மன்றத்துக்கு நான் ஆலோசகராக இருக்கிறேன். மாணவர்கள் தாங்களே புதிதாக எழுதிய குறுநாடகங்களை மட்டும் மேடையேற்றும் ஒரு விழாவை அடுத்த கல்வியாண்டில் நடத்த வேண்டும் என்று எங்கள் மன்றத்தினர் முடிவெடுத்திருக்கிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள மற்றக் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களையும் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பான ஆறாம் படிவ மாணவர்களையும் அழைக்க எண்ணம். ஒரு நாடகத்துக்கு 10 நிமிடம், ஒரு மாலைக்கு எட்டு நாடகங்கள், இரண்டு மாலைகள் என்பதுதான் இப்போதைக்கு எங்களிடம் உள்ள திட்டம்.

பத்து நிமிட அளவு எங்கள் மாணவர்களுக்குப் புதிதன்று. 2002-இல் சிட்னியில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய ஷார்ட் அண்ட் சுவீட் விழா செந்தூலில் உள்ள கேஎல்பேக் அரங்கிலும் நடந்திருக்கிறது. அங்கே மேடையேறிய குறுநாடகங்களைப் பார்த்த மூத்த மாணவர்கள் சிலர், தமிழில் ஏன் இப்படி ஒன்று நம் மாணவர்களுக்கு இல்லை என்று கேட்டதிலிருந்துதான் இந்தப் பேச்சே எழுந்தது.

எனக்குள்ள கவலை எழுத்தைப் பற்றியது. பொங்கல் விழாவுக்கும் தீபாவளி விருந்துக்கும் எங்கள் மாணவர்கள் எழுதிய பிரதிகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். பத்து நிமிட நாடகத்தில் ஏழெட்டுக் காட்சிகள் இருக்கும். ஒவ்வொரு காட்சிக்கும் விளக்கணைந்து நாற்காலி மாறும். குடிக்கும் தந்தை, அழும் தாய், குண்டர் கும்பலில் சேரும் தம்பி, கடைசியில் காவல் அதிகாரி, அதற்கும் பிறகு பார்வையாளர்களைப் பார்த்து ஓர் அறிவுரை. அந்தத் துயரங்கள் உண்மையானவை. எங்கள் மாணவர்களில் பலர் அவற்றை வீட்டிலேயே பார்த்தவர்கள். ஆனால் அவர்கள் பார்த்தது தாளுக்கு வருவதில்லை. திரைப்படத்தில் பார்த்ததுதான் வருகிறது. அதே மாணவர்கள் உணவகத்தில் உட்கார்ந்து ஒரு சம்பவத்தை நண்பர்களுக்குச் சொல்லும்போது அதில் இருக்கும் கூர்மையையும் நிதானத்தையும் கேட்டால், இவர்களால் நாடகம் எழுத முடியும் என்பதில் எனக்கு எந்த ஐயமும் எழுவதில்லை.

ஆகவே நாடகத்தில் அனுபவம் உள்ளவர்களிடம் கேட்கிறேன். இதைப் பரிசுப் போட்டியாக நடத்துவது எழுத்துக்கு உதவுமா, தடையாகுமா? எழுதிய மாணவரே இயக்க வேண்டுமா? பிரதிகளை யார், எப்போது, எப்படித் தேர்ந்தெடுப்பது? பேச்சுத் தமிழை எந்த அளவுக்கு அனுமதிப்பது என்பதிலும் எங்கள் குழுவுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது.


பிரிக்பீல்ட்ஸ் இயக்குநர்

வணக்கம் ஐயா. நீங்கள் கேட்டவற்றுள் முதன்மையானது பிரதிகளை எப்போது தேர்ந்தெடுப்பது என்பதுதான் என்று நான் நினைக்கிறேன்; அதற்கு விடை கிடைத்தால் மற்றவை பெரும்பாலும் தாமாகவே தீர்ந்துவிடும்.

வழக்கமாக நடப்பது இது. ஒரு கடைசித் தேதி அறிவிக்கிறோம், பிரதிகள் வந்து சேர்கின்றன, மூன்று பேர் வீட்டில் அமர்ந்து படித்து மதிப்பெண் போடுகிறார்கள், முதல் எட்டு மேடைக்குப் போகின்றன. இந்த முறையில் தேர்வாவது தாளில் நன்றாகத் தெரியும் எழுத்து. நாடகமோ காதில் விழுவதற்காக எழுதப்படுவது. எனவே முதல் அறிவிப்பில் முடிந்த பிரதியைக் கேட்காதீர்கள். முதல் வரைவைக் கேளுங்கள். மேடைக்கு எட்டு வேண்டுமானால் பதினாறு வரைவுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, எழுதியவருக்கு அறிமுகமில்லாத நடிகர்களைக் கொண்டு உரக்கப் படிக்கச் செய்யுங்கள். எழுதியவர் அந்த அறையில் இருக்க வேண்டும். படிக்கும் நேரம் முழுவதும் எதையும் விளக்கக் கூடாது. அதன்பின் திருத்தி எழுத மூன்று நான்கு வாரம் கொடுத்து, மீண்டும் ஒரு முறை படித்துக் கேட்டு, அதற்குப் பிறகு தேர்ந்தெடுங்கள். விழாவுக்கு உங்களிடம் இருக்கும் உழைப்பிலும் பணத்திலும் பாதியை இந்த இடைக்காலத்தில் செலவிடுங்கள் என்றே சொல்வேன்.

படித்துக் கேட்கும்போது என்ன தெரிய வரும் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் மன்றத்தினர் இதை ஒரு சடங்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. தாயும் மகனும் கடைக்காரரும் ஒரே குரலில், ஒரே நீள வாக்கியத்தில் பேசுகிறார்கள் என்பது தாளில் தெரியாது. மூன்று தொண்டைகளில் கேட்டதும் எழுதியவருக்கே தெரிந்துவிடும். ஒரு செய்தி இரண்டு முறை சொல்லப்பட்டிருந்தால் இரண்டாம் முறை அறை சோர்ந்துபோவது தெரியும். முதல் மூன்று பக்கம் அறிமுகமாகவே போயிருக்கும், நாடகம் உண்மையில் நான்காம் பக்கத்தில்தான் தொடங்கியிருக்கும். அந்த மூன்று பக்கத்தையும் நீக்கலாமா என்று யாரும் கேட்கும் முன்பே மாணவர் பேனாவை எடுத்துக் கோடு போடுவதை நான் பார்த்திருக்கிறேன். படித்து முடித்ததும் அறையில் இருப்பவர்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். எந்த இடம் மனத்தில் நின்றது, எந்த இடத்தில் கவனம் விலகியது, எது புரியவில்லை என்பதை மட்டும் சொன்னால் போதும். எப்படித் திருத்துவது என்பது எழுதியவரின் பொறுப்பு.

நம் நாடக மரபு இப்படித்தான் வளர்ந்திருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய பால சபையில் நாடகம் எழுதியவரும் அவர்தான், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வைத்தவரும் அவர்தான். யார் குரலில் எந்தப் பாட்டு நிற்கும் என்பது தெரிந்த ஒருவரின் எழுத்து அது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கி, 90-க்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார் என்றால், எழுதியதை எடுத்து நடிக்க ஒரு சபை கைக்கெட்டும் தொலைவில் இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். 1977-இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கியபோதும் எழுத்தாளனுக்கும் நடிகனுக்கும் இடையே இருந்த தூரத்தைக் குறைப்பதே நடந்தது. நம் நாட்டிலும் சான்று உண்டு. கோலாலம்பூரில் 1984-இல் ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டர் என்ற கலைக் குழுவைத் தொடங்கியவர்களுள் கிரிஷன் ஜித், சின் சான் சூய் என்ற இயக்குநர்களோடு, மரியன் டி குரூஸ் என்ற நடனக் கலைஞரும், ரெட்சா பியாடாசா என்ற ஓவியரும், கே.எஸ். மணியம் என்ற எழுத்தாளரும் இருந்தார்கள். கெடாவின் பீடோங்கில் பிறந்த மணியம், நம் மக்களின் வாழ்க்கையை ஆங்கில மேடைக்குக் கொண்டு சென்றார். தமிழில் எழுதும் நம் மாணவருக்கு அத்தகைய ஓர் அறை இன்று இல்லை. உங்கள் விழா அந்த அறையாக இருக்க முடியும்.

ஏழெட்டுக் காட்சிகள் என்று சொன்னீர்கள். அதற்கு ஒரே ஒரு கட்டுப்பாடு போதும்: ஓர் இடம், இடைவெளி இல்லாத ஒரே காலம், அதற்குள் ஏதாவது ஒன்று மாறியாக வேண்டும். குடிக்கும் தந்தையைப் பற்றி எழுத நினைக்கும் மாணவியிடம், மகள் பல்கலைக்கழக விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்புகிறாள், தந்தையின் தொழில் என்ற கட்டத்துக்கு வருகிறாள், தந்தை பின்னால் நிற்கிறார் என்ற அளவில் ஒரு சூழலைத் தந்து பாருங்கள். அந்தக் கட்டத்தில் எதைத் தட்டுவது என்ற கேள்விக்குள் வேலையிழந்தது, தோட்டத்தை விட்டு வந்தது, குடித்தது, மகள் மறைத்தது எல்லாமே வந்துவிடும்; காவல் அதிகாரிக்கு அங்கே வேலை இருக்காது.

போட்டி வேண்டாம் என்பது என் கருத்து. முதல் நாடகம் எழுதும் மாணவர், முதல் நாடகத்தை அவரே இயக்குவதும் வேண்டாம். இன்னொரு மாணவரிடம் கொடுக்கட்டும். எழுதியவர் முதல் ஒத்திகைக்கும் கடைசி வார ஒத்திகைகளுக்கும் வந்தால் போதும்.


மேடை நிர்வாகி, செந்தூல்

எழுத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை; இயக்குநர் ஐயா சொன்னதே நிறைவாக இருக்கிறது. நான் மேடைக்குப் பின்னால் நிற்பவன் என்பதால் நேரக் கணக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எட்டு நாடகங்கள் என்றால் 80 நிமிடம் என்று திட்டத்தில் எழுதியிருப்பீர்கள். ஒவ்வொரு நாடகத்துக்கும் இடையே மேடையை மாற்ற 3 நிமிடம் வைத்தாலும் 20 நிமிடத்துக்கு மேல் போய்விடும். இடைவேளைக்கு 15 நிமிடம். நாட்டுப்பண், தமிழ் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்பு விருந்தினர் உரை, நினைவுப் பரிசு ஆகியவற்றைச் சேர்த்தால் கடைசி நாடகம் தொடங்கும்போது பெற்றோர்கள் எழுந்து போய்க்கொண்டிருப்பார்கள். அந்தக் கடைசி நாடகத்தை எழுதிய மாணவர் ஐந்து மாதம் உழைத்திருப்பார். ஆறு நாடகங்கள் போதும். மூன்று நாடகம், இடைவேளை, மூன்று நாடகம் என்று வைத்தால் எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். உரைகளை முதல் நாள் மாலையில் மட்டும் வைத்து, அதுவும் அரங்குக்கு வெளியே தேநீரோடு முடித்துவிட்டு, அரங்கக் கதவு திறந்தால் நாடகம் மட்டுமே என்று ஒரு வழக்கத்தைத் தொடக்கத்திலேயே ஏற்படுத்திவிடுங்கள். பிறகு மாற்றுவது மிகவும் கடினம்.

எல்லா நாடகங்களுக்கும் பொதுவாக ஒரே தளவாடம் இருக்க வேண்டும்: ஆள் உட்காரக்கூடிய உறுதியான கறுப்புப் பெட்டிகள் நான்கு, ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள். கையில் எடுத்து வரக்கூடிய பொருள்களைக் குழுவே கொண்டு வரலாம். விளக்கமைப்பும் பொதுவாகவே இருக்கட்டும். மேடை முழுவதற்கும் ஒரு வெளிச்சம், இடம், நடு, வலம் என்று மூன்று தனி வெளிச்சங்கள், இரவுக்கு ஒரு நீலம். இவற்றை வைத்து எது முடியுமோ அதைச் செய்யுங்கள் என்று வரைவு கேட்கும்போதே மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மேடையின் எல்லை தெரிந்தால்தான் எழுதுபவர் அதற்குள் சிந்திப்பார். 1980-இல் வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் சென்னைக்கு அருகே சோழமண்டலத்தில் நடத்திய பட்டறையில், திரையும் ஒப்பனையும் விளக்கும் இல்லாமல் நடிகரின் உடலையும் குரலையும் மட்டும் கொண்டு நாடகம் செய்ய முடியும் என்பதைத் தமிழ் நாடகக்காரர்கள் பலர் நேரில் அறிந்தார்கள். மாணவர் விழாவுக்கு அந்த வழி பொருளாதார வகையிலும் ஏற்றது.

அரங்கைப் பற்றி ஒரு வேண்டுகோள். விஸ்மா துன் சம்பந்தனில் உள்ள சோமா அரங்கம் நம் இலக்கிய நிகழ்ச்சிகளுக்கும் நூல் வெளியீடுகளுக்கும் பழகிய இடம், சென்று சேரவும் எளிது. ஆனால் இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் நாடகத்துக்கு அது பெரிய மண்டபம். பெரிய மண்டபம் என்றதும் ஒலிவாங்கி வரும். ஒலிவாங்கி வந்தால் நடிகர்கள் எல்லோரும் ஒரே இடத்திலிருந்து பேசுவதுபோல் ஒலிபெருக்கியில் கேட்கும், யார் யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்பதே மறைந்துபோகும். நூறு பேர் உட்காரக்கூடிய, ஒலிவாங்கி தேவைப்படாத ஓர் அறையைத் தேடுங்கள். உங்கள் கல்விக் கழகத்திலேயே படியமைப்புள்ள விரிவுரைக் கூடம் இருந்தால் அதையே கறுப்புத் துணி கட்டி மாற்றிக்கொள்ளலாம். வரும் கூட்டம் அதிகமானால் மூன்றாம் மாலை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.


மாணவி, பினாங்கு

ஐயா, அண்ணா, இருவருக்கும் வணக்கம். நான் பினாங்கில் படிக்கிறேன், குறுநாடகம் எழுதுகிறேன். ஆலோசகர் ஐயாவின் கடைசிக் கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

பிறை தொழிற்பேட்டையில் இரவு வேலை முடித்து வரும் இரண்டு பெண்கள் தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்திருப்பதைப் பற்றி ஒரு நாடகம் எழுதினேன். அவர்கள் பேசும் தமிழில் மலாய்ச் சொற்கள் இருக்கும். மேற்பார்வையாளரைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலமும் வரும். ஒருத்தி வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது மட்டும் தமிழ் மாறும், குரலும் மாறும். அந்த மாற்றம்தான் என் நாடகம். நான் அனுப்பிய போட்டியொன்றில், மொழி கொச்சையாக உள்ளது என்ற ஒரு வரிக் குறிப்போடு அது திரும்பி வந்தது. உங்கள் விழா அறிவிப்பில், பாத்திரங்கள் எந்த வழக்கில் பேச வேண்டும் என்பதை எழுதுபவரே முடிவு செய்வார் என்று ஒரு வாக்கியத்தைத் தெளிவாகச் சேர்த்துவிடுங்கள். மேடைக் குறிப்புகளை நல்ல எழுத்துத் தமிழில் எழுத வேண்டும் என்று கேட்பதில் எனக்கு உடன்பாடுதான். எங்களுக்கு எழுத்துத் தமிழ் தெரியாது என்ற எண்ணத்துக்கு அது ஒரு விடையாகவும் இருக்கும்.

பினாங்கு மேடை என்றுமே கலந்த பேச்சைக் கேட்டு வளர்ந்த மேடை. இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துத்தான் இங்கே பங்சாவான் என்ற மலாய் இசை நாடக வடிவம் உருவானது. 1885-இல் மாமாக் பூஷி தொடங்கிய குழு அதன் தொடக்கக் குழுக்களில் ஒன்று. அந்த நடிகர்கள் முழுப் பிரதி இல்லாமலே, கதைச் சுருக்கத்தை வைத்துக்கொண்டு மேடையில் பேச்சை உருவாக்கினார்கள். இதைச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் மாணவர்களில் எழுதத் தயங்குபவர்கள் சிலர் பேசிக் காட்டச் சொன்னால் அருமையாகப் பேசுவார்கள். அவர்கள் பேசிக் காட்டுவதைக் கைப்பேசியில் பதிவு செய்து, பிறகு தாளில் இறக்குவதையும் வரைவாக ஏற்றுக்கொண்டால், இதுவரை மன்றத்தின் பக்கமே வராதவர்களும் வருவார்கள்.

எழுதியவர் முதல் ஒத்திகைக்கும் கடைசி வார ஒத்திகைகளுக்கும் வந்தால் போதும் என்று இயக்குநர் ஐயா சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தொழில்முறை அரங்கில் அது சரியாக இருக்கலாம். மாணவர் குழுவில் நடப்பது வேறு. இயக்கும் மாணவருக்கு ஓர் அமைதியான இடம் வந்ததும் அச்சம் வந்துவிடுகிறது. பார்வையாளர் சிரிக்க வேண்டும் என்று ஒரு திரைப்பட நகைச்சுவையைச் சேர்த்துவிடுகிறார், அல்லது பின்னணியில் ஒரு சோகப் பாட்டைப் போட்டுவிடுகிறார். கடைசி வாரத்தில் எழுதியவர் வந்து பார்க்கும்போது நடிகர்கள் அதற்குப் பழகியிருப்பார்கள். எழுதியவருக்கு எல்லா ஒத்திகைக்கும் வரும் உரிமை வேண்டும்.

இன்னொன்று. எங்கள் மன்றத்தில் உறுப்பினர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் வரும் பிரதிகளில் பெண்களுக்கு இருப்பது அழும் தாய், காதலிக்கப்படும் பெண் என்ற இரண்டு வேடங்கள்தாம். இதைப் பற்றியும் வரைவு கேட்கும்போதே மாணவர்களிடம் பேசுங்கள்.


தமிழாசிரியர், கிள்ளான்

விவாதம் பயனுள்ளதாக இருக்கிறது. போட்டி வேண்டாம் என்ற கருத்துக்கு மட்டும் என் மறுப்பைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஆறாம் படிவ மாணவர்களை அழைத்து வர வேண்டியவன் நான்.

அரசுப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பீட்டில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கு உரியது. தேர்வு நெருங்கும் ஆண்டில் ஒரு மாணவர் ஐந்து மாதம் நாடகத்துக்கு வர வேண்டுமானால், பள்ளி முதல்வரும் பெற்றோரும் கேட்கும் முதல் கேள்வி, இது எந்த நிலைப் போட்டி, சான்றிதழ் உண்டா என்பதுதான். அதைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பகுதியில் பல வீடுகளில் பல்கலைக்கழகத்துக்குப் போகப் போகும் முதல் பிள்ளை அவர்தான். பரிசு என்ற சொல்லே இல்லாவிட்டால் வசதியுள்ள பிள்ளைகள் வருவார்கள், என் பிள்ளைகள் வரமாட்டார்கள்.

என் மாணவர்களுக்கு நாடகம் என்பது தேர்வுக்குரிய பாடநூல். பாத்திரப் படைப்பை விளக்குக, நாடகத்தின் கருப்பொருளைக் கூறுக என்ற வினாக்களுக்கு அவர்களால் மிக நன்றாக விடை எழுத முடியும். அந்த நூலில் உள்ள ஒரு காட்சியை நின்று பேசிப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. ஆகவே உரக்கப் படிக்கும் அமர்வை உங்கள் கழகத்தில் மட்டும் வைக்காமல், ஒரு சனிக்கிழமை எங்கள் பள்ளிக்கே நடிகர்களை அனுப்பி நடத்தினால், வரைவு எழுதாத மாணவர்களும் நாடகத்தைக் கேட்பார்கள். எழுதலாம் என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கும்.


பிரிக்பீல்ட்ஸ் இயக்குநர்

ஆசிரியர் சொன்ன காரணத்தை நான் மதிக்கிறேன். சான்றிதழ் எல்லோருக்கும் கொடுக்கலாம். வரைவு அனுப்பி, படிப்பு அமர்வுக்கு வந்து, திருத்தி எழுதிய ஒவ்வொருவரும் அதற்குத் தகுதியானவர்தான், மேடையேறாவிட்டாலும். பரிசு கட்டாயம் வேண்டுமென்றால், முதல் வரைவையும் இறுதிப் பிரதியையும் அருகருகே வைத்துப் பார்த்து, எழுத்தில் மிகத் தொலைவு நடந்து வந்த மாணவருக்கு ஒரு பரிசு கொடுங்கள். ஆறு நாடகங்களை முதல், இரண்டாம், மூன்றாம் என்று வரிசைப்படுத்துவதை மட்டும் தவிருங்கள். வரிசை வரும் என்று தெரிந்தால் மாணவர் நடுவரின் விருப்பத்தை ஊகித்து எழுதத் தொடங்குவார், நடுவர் விரும்புவார் என்று அவர் ஊகிப்பது எப்போதும் அந்தக் கடைசி அறிவுரையைத்தான்.

தேர்வாகாதவர்களுக்கும் எழுத்தில் பதில் கொடுங்கள். நியூயார்க்கில் இசை நாடகப் படைப்பாளர் ஸ்டீபன் சோண்ட்ஹைம் 1981-இல் தொடங்கிய இளம் நாடகாசிரியர்களுக்கான அமைப்பு, வந்த பிரதிகளுக்கு எழுத்து வடிவில் மதிப்புரை தருவதைத் தன் பணியின் பகுதியாக வைத்திருந்தது. அரைப் பக்கம் போதும். பினாங்கு மாணவிக்கு வந்தது போன்ற ஒரு வரிக் குறிப்பு யாருக்கும் போகக் கூடாது.

ஒத்திகை பற்றி அந்த மாணவி சொன்னதில் உண்மை இருக்கிறது. எழுதியவர் எல்லா ஒத்திகைக்கும் வரட்டும். நடிகரிடம் நேரடியாகத் திருத்தம் சொல்லாமல், ஒத்திகை முடிந்ததும் இயக்குபவரிடம் தனியாகப் பேசட்டும். அவரைக் கேட்காமல் ஒரு சொல்லையும் சேர்க்கக் கூடாது, நீக்கக் கூடாது என்பதை விழாவின் விதியாகவே எழுதிவிடுங்கள். பாட்டுக்கும் அதே விதி.


சட்டம் படித்தவர், பெட்டாலிங் ஜெயா

எழுதியவரின் உரிமை பற்றிப் பேச்சு வந்ததால் இதைச் சேர்க்கிறேன். நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, நாடகப் பிரதி எழுத்து வடிவம் பெற்றதுமே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. அவர் வாழ்நாள் முழுவதும், அதன்பின் 50 ஆண்டுகளும் அது நீடிக்கும். ஆனால் ஒருவரை நியமித்து எழுதச் சொன்னால், வேறுவகையான உடன்பாடு இல்லாதபோது, உரிமை நியமித்தவருக்குச் சென்றதாகக் கருதப்படும். எனவே உங்கள் மன்றம் மாணவரிடம் நாடகம் எழுதித் தரச் சொல்லிப் பணம் கொடுப்பதாக இருந்தால், உரிமை மாணவருக்கே என்று ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திடுங்கள். மன்றத்துக்குத் தேவையானது இந்த விழாவில் மேடையேற்றும் அனுமதியும், பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் அதற்கான அனுமதியும் மட்டுமே. வரும் பிரதிகள் யாவும் ஏற்பாட்டாளருக்கே சொந்தம் என்ற வரியைப் பல போட்டி அறிவிப்புகளில் பார்க்கிறேன். தயவுசெய்து அதை நகலெடுக்காதீர்கள். 18 வயது நிறையாத மாணவர் என்றால் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும்.

கோலாலம்பூரில் பொது அரங்கில் நடத்தினால் 1992-ஆம் ஆண்டுக் கேளிக்கைச் சட்டத்தின்கீழ் மாநகர் மன்றத்தின் உரிமம் தேவைப்படும். விண்ணப்பத்தோடு பிரதியையும் கொடுக்க வேண்டியிருக்கும். வளாகத்துக்குள் நடத்தினாலும் மாணவர் விவகாரப் பிரிவின் அனுமதி வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து கலைஞர் ஒருவரை அழைத்து மேடையேற்றும் எண்ணம் இருந்தால், வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு அனுமதி தரும் அரசுக் குழுவான புஸ்பாலின் அனுமதியும் சேரும். இதனால் உங்கள் நாள்காட்டிக்கு ஒரு விளைவு உண்டு. திருத்தி எழுதுவதற்கு ஒரு கடைசி நாள் வைத்து, இறுதிப் பிரதியைக் கொண்டே விண்ணப்பிக்க வேண்டும். வரைவைக் கொடுத்துவிட்டு மேடையில் வேறொன்றைப் பேசினால் பொறுப்பு மாணவர் தலையில் விழும். இனம், சமயம் தொட்டு எழுதும் மாணவரிடம் அதைக் கைவிடச் சொல்வதற்கு முன், அவர் சொல்ல வருவது என்ன என்பதைப் படிப்பு அமர்வில் முழுமையாகக் கேளுங்கள்.


மன்ற ஆலோசகர், கோலாலம்பூர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மன்றத்தினரோடு உட்கார்ந்து இந்த இழையை முழுவதும் படித்தோம். மாலைக்கு ஆறு நாடகங்கள், தரவரிசை இல்லை, திருத்தி எழுதிய அனைவருக்கும் சான்றிதழ், எழுதியவரைக் கேட்காமல் ஒரு சொல்லும் மாறாது, வழக்கைத் தேர்ந்தெடுப்பது எழுதுபவர் என்பவற்றை முடிவு செய்திருக்கிறோம். வரைவு அறிவிப்பிலேயே கறுப்புப் பெட்டிகளையும் விளக்கமைப்பையும் விவரித்துவிடுவோம். பதிவு செய்த பேச்சையும் வரைவாக ஏற்போம். முதல் படிப்பு அமர்வைக் கிள்ளானில் வைத்துக்கொள்ள ஆசிரியருக்குத் தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. பன்னிரண்டு நாடகங்களுக்கு இருபத்து நான்கு வரைவுகளைப் படிக்க வேண்டும். எழுதியவருக்கு அறிமுகமில்லாத நடிகர்கள் என்றால் எங்கள் மன்றத்துக்கு வெளியே இருந்துதான் ஆள் வர வேண்டும். பினாங்கு மாணவியின் குழு தம் வரைவுகளோடு கோலாலம்பூருக்கு வந்து எங்கள் வரைவுகளைப் படிக்கவும், எங்கள் மாணவர்கள் அங்கே வந்து அவர்களுடையதைப் படிக்கவும் இயலுமா?


மாணவி, பினாங்கு

இயலும் ஐயா. எங்கள் குழுவில் படிக்கக்கூடியவர்கள் ஏழு பேர் இருக்கிறார்கள். பட்டர்வொர்த்திலிருந்து காலை இரயிலில் வந்தால் மதிய அமர்வுக்குச் சேர்ந்துவிடுவோம். இரவு தங்க மாணவிகளுக்கு மட்டும் இடம் ஏற்பாடு செய்து தாருங்கள். வரைவுகளை எங்களுக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டாம். வந்து முதல் முறையாகவே படிக்கிறோம். பேருந்துக்குக் காத்திருக்கும் இரண்டு பெண்களின் நாடகத்தை உங்கள் மாணவிகளில் இருவர் படித்துக் கேட்க எனக்கு மிகுந்த விருப்பம். அதையும் கொண்டு வருகிறேன்.